ஷாங்க்ஸின் இடது கை

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கோத்தகிரி டானிங்டன் பக்கம் மேகம் இறங்கிவிட்டால், எதிரில் நிற்கும் பஸ்ஸின் போர்டுகூடத் தெரியாது. அந்த நேரத்தில் நான் டீ குடிக்கும் கடையில் காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதமாக அங்கே நடக்கும் வழக்கு ஒன்றுதான். 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில் வரும் செம்முடி ஷாங்க்ஸுக்கு இடது கை போனதால் பலம் குறைந்ததா, இல்லையா?

"கை போனதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லைண்ணா. அதுக்கப்புறம்தான் யாரை அடிச்சாரு, யாரை நிறுத்தினாரு, பாருங்க" என்பான் ஒருவன்.

"அப்போ மிஹாக் எதுக்கு இனிமே உன்கூட சண்டை இல்லைன்னு சொன்னாரு?" என்பான் இன்னொருவன். அதோடு நிற்கும். மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும்.

இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டே டீ போடும் கடைக்கார அண்ணாவுக்கும் முழங்கைக்குக் கீழே இடது கை இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ரோலருக்குள் போன கை அது. பையன்கள் அதை மறந்துவிட்டுப் பேசுகிறார்களா, பழகிப்போய்ப் பேசுகிறார்களா, தெரியாது. ஆனால் அவர் எதிரில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க, அதற்கு ஒழுங்கான பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் முடியக்கூடிய கேள்வி இல்லை இது.

கதை தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எய்ச்சிரோ ஓடா வரையும் 'ஒன் பீஸ்' 1997 ஜூலையில் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. முதல் அத்தியாயத்திலேயே ஷாங்க்ஸ் வருகிறார். 27 வயது, கடற்கொள்ளைக் கூட்டத் தலைவர், தலையில் வைக்கோல் தொப்பி. ஒரு சின்னக் கடலோரக் கிராமத்தில் லூஃபி என்ற 7 வயதுப் பையன் அவரைச் சுற்றிச்சுற்றி வருகிறான். மலைத் திருடன் ஒருவன் பையனைத் தூக்கிக்கொண்டு படகில் போய்க் கடலில் தள்ளிவிடுகிறான். நீச்சல் தெரியாத பிள்ளை. கடல் மிருகம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு வருகிறது. ஷாங்க்ஸ் பாய்ந்து பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொள்கிறார். மிருகத்தை ஒரு பார்வை பார்க்கிறார், 'போ' என்கிறார். அது நடுங்கித் திரும்பிப் போகிறது. அதற்கப்புறம்தான் லூஃபி கதறுவதைப் பார்த்து நமக்கும் தெரிகிறது, அவருடைய இடது கை இல்லை என்று.

அப்புறம் அவர் செய்தவை பையன்களுக்கு மனப்பாடம். 2006-இல் வந்த 434ஆம் அத்தியாயத்தில், உலகத்திலேயே பலசாலி என்று பெயரெடுத்த வைட்பியர்டைப் பார்க்க அவர் கப்பலுக்கே போகிறார். இருவர் ஆயுதமும் உரசியதில் வானம் இரண்டாகப் பிளக்கிறது. பெரும் போர் ஒன்றுக்கு முந்தின நாள் கைடோ என்ற இன்னொரு பெரும் கொள்ளையர் தலைவனை நடுக்கடலில் மறிக்கிறார். மறுநாளே அந்தப் போர்க்களத்தில் நிற்கிறார். கடற்படை அட்மிரல் அகைனுவின் எரிமலைக் குழம்புக் கை ஒரு சிறு வீரனின் மேல் இறங்கும் நேரத்தில், ஒற்றை வாளால் அதைத் தடுக்கிறார். 2023-இல் வந்த 1079ஆம் அத்தியாயத்தில் கிட் என்ற பெரும் கொள்ளையனை ஒரே வீச்சில் சாய்க்கிறார். அந்த வீச்சு, கொள்ளையர்களின் அரசன் ரோஜர் பயன்படுத்திய அதே வீச்சு, பெயரும் அதேதான். இவை எல்லாமே ஒரு கையோடு செய்தவை.

பையன்கள் இங்கேதான் வழக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் இவ்வளவும் காட்டுவது ஒன்றைத்தான்: ஷாங்க்ஸ் பெரும் பலசாலி. 'குறையவில்லை' என்பது வேறு பேச்சு. குறைந்ததா என்று பார்க்க முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று இரண்டு அளவு வேண்டும். நூறு மூட்டை இருந்த வீட்டில் இன்று எழுபது மூட்டை இருந்தால், பத்து மூட்டை உள்ள பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது மலையாகத்தான் தெரியும். இரண்டு கையோடு ஷாங்க்ஸ் முழுமூச்சாகப் போரிட்டதை ஓடா நமக்கு ஏறக்குறைய காட்டவே இல்லை. முதல் அத்தியாயத்தில் அவர் வாளைக்கூட உருவவில்லை. சாராயக் கடையில் தலையில் சாராயத்தைக் கொட்டினவனையே சிரித்துக்கொண்டு விட்டுவிட்ட ஆள் அவர்.

முன்னால் எவ்வளவு என்று தெரிந்த சாட்சி கதையில் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மிஹாக். உலகின் தலைசிறந்த வாள்வீரர் என்ற பட்டம் அவருடையது. அவரும் ஷாங்க்ஸும் மோதிய நாட்களைப் பற்றிக் கடலெங்கும் பேச்சு. வைட்பியர்டே அதை நினைவுகூர்கிறார். லூஃபியின் தலைக்கு முதன்முதலாக விலை வைத்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு மிஹாக் ஒருநாள் ஷாங்க்ஸ் தங்கியிருக்கும் தீவுக்கு வருகிறார். பழைய கணக்கைத் தீர்க்க வந்தாயா என்கிறார் ஷாங்க்ஸ். ஒரு கை போய்விட்ட உன்னோடு இனிமேல் கணக்குத் தீர்க்கும் எண்ணம் எனக்கில்லை என்கிறார் மிஹாக்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 'பார், ஷாங்க்ஸ் பலவீனமாகிவிட்டார்' என்று ஒரு கட்சி. 'மிஹாக்குக்கு ஷாங்க்ஸின் முழு பலம் தெரியாது' என்று எதிர்க்கட்சி. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நம்மூர் சிலம்ப ஆசான்களைக் கேட்டால் சொல்வார்கள், சமமான கம்பு இல்லாமல் களத்தில் இறங்கினால் ஜெயித்தாலும் அது ஜெயிப்பு இல்லை. மிஹாக்குக்கு வேண்டியது ஷாங்க்ஸைத் தோற்கடிப்பது மட்டுமல்ல. தோற்கடித்தால் அதில் யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது. ஒற்றைக் கை ஆளை வென்றால் 'கை இருந்திருந்தால்' என்ற ஒரு சொல் ஆயுசுக்கும் கூடவே வரும். தோற்றாலோ சொல்லவே வேண்டாம். அதனால் அவர் சொன்னது ஷாங்க்ஸின் பலத்துக்குப் போட்ட மார்க் இல்லை. அந்தப் போட்டி இனி நடக்க முடியாது என்று சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. அந்த இரண்டு கையோடும் நேருக்கு நேர் மோதிப் பார்த்த மனிதர், கை போனதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டார். எதையும் இழக்கவில்லை என்று அவர் நினைத்திருந்தால் அன்றே வாளை உருவியிருப்பார்.

வெகுகாலம் கழித்து 1058ஆம் அத்தியாயத்தில் இன்னொரு தகவல் வருகிறது. மிஹாக்கின் தலைக்கு வைத்த விலை 359 கோடி பெர்ரி; பெர்ரி அந்தக் கதை உலகத்து நாணயம். வாள்வித்தையில் ஷாங்க்ஸையும் மிஞ்சியவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஷாங்க்ஸின் தலைக்கு விலை 404 கோடியே 89 லட்சம். வாளில் ஒருவர் மேலே, விலையில் இன்னொருவர் மேலே. தலைவிலை என்பது அரசாங்கம் ஒருவனுக்கு எவ்வளவு பயப்படுகிறது என்பதற்கான கணக்கு; கப்பல், ஆள்படை, செல்வாக்கு எல்லாம் அதில் சேரும். வாளில் கெட்டிக்காரர் யார் என்பதும், பலமானவர் யார் என்பதும் வேறு வேறு கேள்வி என்று கதையே பிரித்துக் காட்டிவிட்டது. கடைப் பெஞ்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்புவதால்தான் ஒரு மாதமாக வழக்கு தீரவில்லை.

சரி, வாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டாவது கை என்ன வேலை செய்கிறது?

ஜப்பானிய நீள்வாளை இரண்டு கையாலும் பிடிப்பார்கள். வலது கை காவல்தட்டுக்குப் பக்கத்தில், இடது கை பிடியின் கடைசியில். வெளியில் இருந்து பார்த்தால் வலது கைதான் வெட்டுவது போலிருக்கும். கெண்டோ என்ற ஜப்பானிய வாள்பயிற்சியைக் கற்றுத்தருகிறவர்கள் இதைத்தான் முதலில் திருத்துகிறார்கள்: வலு இடது கையிலிருந்து வர வேண்டும், வலது கை வழிகாட்ட வேண்டும். அப்படிப் பழகியவனுக்கு இடது கை போனால் வெட்டின் வேரே போய்விடும். ஷாங்க்ஸின் வாள் கிரிஃபன் அந்த வகை இல்லை. ஒற்றைக் கையால் வீசும் வகை. அதனால் அவர் கற்ற வித்தை அடியோடு அழிந்துவிடவில்லை. இந்த அளவில் 'பெரிதாகப் போகவில்லை' கட்சிக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒற்றைக் கை வாளிலும் மற்றக் கை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்கும், உறையை அழுத்திக்கொள்ளும், விழுந்தால் ஊன்றும். இவை கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். தெரியாத வேலை பெரிது. ஒரு முழுக் கையின் எடை உடம்பு எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ. அவ்வளவும் ஒரு பக்கத்தில் இல்லையென்றால், வீசும்போது உடம்பு எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்ற கணக்கு முழுக்க மாறிவிடும்.

இதற்கு ஈட்டி எறிதல்தான் நல்ல சாட்சி. தேவேந்திர ஜஜாரியாவுக்கு எட்டு வயதில் மரம் ஏறும்போது மின்கம்பியில் பட்டு இடது கை போயிற்று. வலது கையால் ஈட்டி எறிந்து 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 62.15 மீட்டர், தங்கம். பன்னிரண்டு வருடம் கழித்து ரியோவில் 63.97, மறுபடி தங்கம். 2021-இல் டோக்கியோவில் 64.35, வெள்ளி. அதே டோக்கியோவில் அதே மாதம் நீரஜ் சோப்ரா எறிந்தது 87.58 மீட்டர். இரண்டு பேரும் எறிந்தது வலது கையால்தான். இருவரின் வயது, பயிற்சி, போட்டியாளர்களின் எண்ணிக்கை என்று வேறுபாடுகள் நிறைய உண்டு, அதனால் இருபத்து மூன்று மீட்டரும் இடது கையின் கணக்கு என்று எழுத மாட்டேன். ஆனால் எறிகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். வலது கை பின்னால் இருக்கும்போது இடது கை முன்னால் நீளும். எறியும் கணத்தில் அது சட்டென்று விலாவோடு ஒடுங்கும். அந்த ஒடுக்கம்தான் இடப் பக்கத்துக்குத் தாழ்ப்பாள் போட்டு வலப் பக்கத்தை விசையோடு முன்னால் தள்ளுகிறது. எறியாத கையும் எறிகிறது. ஜஜாரியா செய்தது, அந்தத் தாழ்ப்பாள் இல்லாமல் அறுபத்து நான்கு மீட்டரைக் கடந்தது.

டீக்கடைக்குத் திரும்புகிறேன். டீ ஆற்றுவது இரண்டு கை வேலை. ஒரு கையில் மக், மறு கையில் கிளாஸ். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். கடைக்கார அண்ணா கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு மக்கைத் தலை உயரத்துக்குத் தூக்கி ஊற்றுவார். பிறகு மக்கைக் கீழே வைப்பார், கிளாஸை எடுப்பார், மக்குக்குள் ஊற்றுவார். மறுபடி மக். ஒரு சொட்டு சிந்தாது. நுரை மற்றக் கடைகளைப் போலவே நிற்கும். ஆனால் மற்றவர் நான்கு டீ போடும் நேரத்தில் இவர் மூன்றுதான் போடுவார். வடிகட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் கம்பி வளையம் ஒன்றைச் சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் திறக்கும்போது பாட்டிலை வயிற்றோடு சேர்த்துப் பலகை விளிம்பில் அழுத்திக்கொள்வார். அவருடைய வலது தோள்பட்டை இடதுபக்கத்தைவிடத் தடித்துப்போய், ராத்திரியில் அதுதான் வலிக்கிறது என்பார். இருக்கிற கைக்கு இரண்டு கை வேலை.

ஒருநாள் நேராகவே கேட்டேன், "கை இருந்தப்போ இதைவிட வேகமா போடுவீங்களாண்ணா?"

"கை இருந்தப்போ எனக்கு டீயே போடத் தெரியாதுங்க. ஃபேக்டரியில இருந்தேன். கை போனப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மார்கழியில மட்டும் இல்லாத விரல் சில்லுனு இருக்கும். தேய்க்கலாம்னு பார்த்தா விரல் இல்லை" என்றார்.

இல்லாத உறுப்பில் குளிரும் வலியும் தெரிவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் இதை ஆராய்ந்து புகழ் பெற்றவர். கண்ணாடி ஒன்றை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டிப் பலருக்கு வலியைத் தணித்தார். கை போனாலும் மூளை போட்டு வைத்திருக்கும் உடம்பின் வரைபடத்தில் அது இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் அந்த இல்லாத கை முதலில் நீளும். வாள்வீரனுக்கு அந்தக் கண நேரம் உயிர் விலை.

ஆனால் அண்ணா சொன்ன முதல் வாக்கியம்தான் எனக்குப் பெரிய திறப்பு. முன்னும் பின்னும் ஒரே வேலையாக இருந்தால்தானே குறைந்ததா என்று அளக்க முடியும்? ஷாங்க்ஸின் கதையிலும் அதுதான் நடந்திருக்கிறது. கை போன காலத்தில் வாசகர்களுக்குத் தெரிந்த அளவுகோல் தசையும் வாளும். பிறகு கதை அளவுகோலையே மாற்றிவிட்டது. ஹாகி என்ற சொல் வருகிறது. மன உறுதியே ஆயுதமாவது. 2010-இல் வந்த அத்தியாயத்தில், ரோஜரின் கூட்டத்தில் இருந்த ரெய்லி அதன் மூன்று வகையை லூஃபிக்கு விளக்குகிறார்: முன்கூட்டி உணர்வது, உடம்பையும் ஆயுதத்தையும் இறுக்குவது, எதிராளியின் மனத்தையே அடக்குவது. இன்னும் பல வருடம் கழித்து கைடோ வாயாலேயே வருகிறது, ஹாகி ஒன்றுதான் எல்லாவற்றையும் மிஞ்சும் என்று. ஷாங்க்ஸ் வைட்பியர்டின் கப்பலில் காலடி வைத்ததும் அங்கிருந்தவர்கள் மயங்கி விழுந்தது ஹாகியால். கிட்டின் தாக்குதலை முன்கூட்டியே கண்டதும் ஹாகி. அந்த வகைப் பலத்துக்கு இடது தோளில் வேர் கிடையாது.

இதே கதையில் எதிர் உதாரணமும் உண்டு. ஸெஃப் என்ற கிழவர், உதையாலேயே பேர் வாங்கிய கொள்ளையர் தலைவர். காலை இழந்ததும் கடல் வாழ்க்கையை விட்டுவிட்டு மிதக்கும் ஹோட்டல் ஒன்று நடத்துகிறார். அவருக்குக் கால்தான் ஆயுதம். அது போனதும் அந்த அத்தியாயமே முடிந்தது. எந்த உறுப்பில் ஒருவனுடைய பலம் குடியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இழப்பின் கணக்கும்.

பையன்களில் தேயிலைத் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவன், "கவாத்து பண்ணின செடி மாதிரிண்ணா. வெட்டினாத்தான் நல்லா வரும்" என்றான். நீலகிரியில் பிறந்தவனுக்கு அந்த உவமை தானாக வரும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை வெட்டிக் குச்சியாக நிறுத்துவோம். மாதக்கணக்கில் இலை இருக்காது. பிறகு தளிர் அடர்ந்து வரும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பாதிதான் பொருந்தும். கவாத்து செய்த கிளை திரும்ப வரும், கை வராது. அதுமட்டுமில்லை, எந்தச் செடியையும் எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிட முடியாது. வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்க வேண்டும். வேர்த் துண்டில் அயோடினைத் தடவிப் பார்ப்பார்கள். கறுத்தால் சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளுத்திருந்தால் வெட்டக் கூடாது, வெட்டினால் செடி பட்டுப்போகும். இலை ஒன்றுகூட இல்லாத அந்த மாதங்களில் செடி உயிர் பிழைப்பது வேரில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான்.

ஷாங்க்ஸின் வேர் எங்கே தெரிகிறது? அதே முதல் அத்தியாயத்தில், அந்தப் பார்வையில். கையைத் தின்ற மிருகத்தை, கை போன அந்த நிமிடத்திலேயே, குழந்தையை வலது கையில் அணைத்தபடி வெறும் கண்ணால் விரட்டினார். அந்தப் பலம் கை போன பிறகு ஈடாகக் கிடைத்தது இல்லை. வெட்டு விழும் முன்பே வேரில் இருந்தது. 'இழப்புதான் அவரைப் பெரிய ஆளாக்கியது' என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லாதது இதனால்தான். ஊனம் யாருக்கும் உரம் போடுவதில்லை. இருந்த வேர் தாங்கிக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. தலைவனின் பலம் அவன் உடம்போடு நிற்பதில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1797-இல் டெனரீஃபில் வலது கையை இழந்தார். நைல் முகத்துவாரத்தில் 1798-இல் வென்றது, கோபன்ஹேகனில் 1801-இல் வென்றது, டிரஃபால்கரில் 1805-இல் வென்று உயிர்விட்டது, எல்லாம் அதற்கப்புறம். நமக்குப் பக்கத்தில் விஜயாலய சோழர் இருக்கிறார். உடம்பில் 96 தழும்பு என்று ஒட்டக்கூத்தர் பாடிய அரசர். கல்கி 'பொன்னியின் செல்வன்' நாவலில் திருப்புறம்பயம் போரைச் சொல்லும் இடத்தில், கால் இரண்டும் செயலற்ற கிழவராக அவர் வருகிறார். இரண்டு வீரர்களின் தோளில் ஏறிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளைச் சுழற்றிக்கொண்டு, தோற்றுக்கொண்டிருந்த போரைத் திருப்புகிறார். படிக்கும்போது எல்லாரும் அந்த வாள்களைத்தான் பார்க்கிறோம். கீழே காலாக நின்ற அந்த இரண்டு பேரைப் பாருங்கள். ஷாங்க்ஸுக்கு அவர் கூட்டத்தில் பென் பெக்மன் இருக்கிறார், யாசாப் இருக்கிறார். பெக்மன் துப்பாக்கியை நீட்டினால் கடற்படையின் அட்மிரலே கையை உயர்த்தி நிற்கிறார்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை என்பதற்கும் நம்மிடம் கதை உண்டு. குருக்ஷேத்திரத்தில் பூரிசிரவசின் வலது கையை அர்ஜுனனின் அம்பு அறுத்துவிடுகிறது. அவன் ஆயுதத்தை விட்டு, வடக்கிருப்பவனைப் போல உயிர் துறக்க உட்கார்ந்துவிடுகிறான். உட்கார்ந்தவனைத்தான் சாத்தகி வெட்டுகிறான். பாண்டியனின் கதை வேறு மாதிரி. தன் தவறுக்குத் தண்டனையாகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் என்று பேர் பெற்றான். சிலப்பதிகாரம் அதைச் சொல்கிறது. அங்கே அந்தக் கையை வைத்து அவன் எவ்வளவு நன்றாக வாள் வீசினான் என்று யாரும் கேட்பதில்லை. எதற்காகக் கொடுத்தான் என்பதுதான் கதை. நெஞ்சில் வாங்கிய விழுப்புண் இல்லாத நாளெல்லாம் வீண் நாள் என்று குறள் எண்ணுகிற மொழி இது. புண்ணை இழப்புக் கணக்கில் மட்டும் எழுதிப் பழக்கமில்லாத மரபு.

அதனாலேயே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 'ஷாங்க்ஸுக்குக் கை போனதால் ஒன்றுமே குறையவில்லை' என்று சாதிக்கிறவர்கள் அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைக்கிறார்கள். சேர்ப்பது சிறுமை. கதறி அழும் லூஃபியிடம் அவர் சொல்வது: ஒரு கைதானே, மலிவுதான், நீ பத்திரமாக இருக்கிறாய். இந்த வாக்கியத்தைத்தான் அந்தக் கட்சி ஆதாரமாகக் காட்டுகிறது. நம் வீடுகளில் கடன் வாங்கிப் படிக்க வைத்த அம்மா, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு' என்பாள். அதைக் கேட்டுவிட்டு, ஆமாம் ஒன்றுமில்லைதான் என்று பிள்ளை கணக்கு முடித்துவிட்டால் என்ன ஆகும்? மலிவு என்று சொல்லும் உரிமை கொடுத்தவருக்கு மட்டும்தான். வாங்கிக்கொண்ட லூஃபி அதை மலிவாக நினைக்கவில்லை. ஷாங்க்ஸ் கொடுத்துவிட்டுப் போன அந்த வைக்கோல் தொப்பியை உயிராக வைத்துக்கொண்டு திரிகிறான். கையை எங்கே விட்டாய் என்று வைட்பியர்ட் கேட்கும்போது, புதிய காலத்தின் மேல் பந்தயம் வைத்துவிட்டேன் என்கிறார் ஷாங்க்ஸ். விலையில்லாத பொருளை யாரும் பந்தயம் வைப்பதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வாள்வீரர் ஷாங்க்ஸுக்குக் குறைந்தது. சமநிலை, காவல், ஊன்று, மிஹாக்கோடு தீராமல் நின்ற அந்தப் போட்டி, இவ்வளவும் போயின. எவ்வளவு என்று அளக்க ஓடா நமக்குத் தராசு தரவில்லை. கடலை ஆளும் ஷாங்க்ஸுக்குக் குறையவில்லை. அவருடைய பலம் குடியிருந்த இடம் வேறு.

கதையில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது, பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது. ஷாங்க்ஸுக்கு இடது கண்ணின் மேல் மூன்று கோடாகத் தழும்பு உண்டு. வைட்பியர்டிடம் அதைக் காட்டி, இது டீச் என்பவன் போட்டது, நான் அசந்திருந்த நேரத்தில் பட்டதில்லை, இன்னும் வலிக்கிறது என்கிறார். கை வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை. ஒருவன் தன்னை மீறித் தொட்டுவிட்ட தழும்பு வலிக்கிறது. தானாகக் கொடுத்த கை வலிப்பதில்லை.

போன வாரம் பையன்கள் அந்த மிஹாக் கட்டத்தைக் கடைக்கார அண்ணாவுக்கு முழுசாகச் சொன்னார்கள். தீவுக்கு வந்தது, நோட்டீஸை நீட்டியது, ஒற்றைக் கை ஆளோடு சண்டை இல்லை என்றது, லூஃபியின் படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஷாங்க்ஸ் மிஹாக்கையும் உட்கார வைத்து விருந்து வைத்தது. அவர் மக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பேப்பரைக் குடுக்கத்தான் அவ்வளவு தூரம் வந்தாராப்பா?"

"ஆமாங்கண்ணா."

"சண்டை இல்லைன்னு ஆனப்புறமும்?"

பையன் யோசித்தான். "ஆமாங்கண்ணா" என்றான். அண்ணா கிளாஸைக் கையில் எடுத்தார்.